இத்தாவில் போட்ட விதை

கண்ணு, உனக்கு என் ஸலாம். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது என் இத்தா முடிய இன்னும் சில நாட்கள்தான் மிச்சமிருக்கும். போனில் பேசியிருக்கலாமே, எதற்கு இத்தனை பக்கம் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு பேச்சைத் தொடங்கினால் நீ "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று அதை முடித்து வைத்துவிடுகிறாய். உன் அத்தாவும் அப்படித்தான். நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டேன் என்று நானே நம்பிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். காகிதம் குறுக்கே பேசாது, அதனால் எழுதுகிறேன். உன் மனைவியும் படிக்கட்டும். அத்தாவின் அக்காளும் தம்பியும் ஆயிற்றே, மாமியும் சின்னத்தாவும் கேட்டால் அவர்களுக்கும் காட்டு. ஒளிக்க வேண்டியது இதில் ஒன்றுமில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ காரோடு வந்து என்னைச் சென்னைக்கு அழைத்துப் போகிறாய். இந்த வீட்டைக் காட்டேஜ் நடத்துகிறவர்களுக்குக் கொடுத்துவிடுகிறாய். இதுதான் உன் ஏற்பாடு. இந்தக் கடிதமும் அதைப் பற்றித்தான். ஆனால் எடுத்த எடுப்பிலேயே அதற்குப் போனால் உனக்கு முகம் சிவந்துவிடும். ஆகவே முதலில் செடியைப் பற்றிச் சொல்கிறேன். அம்மா செடிகொடியைப் பற்றித்தானே பேசுகிறாள் என்று கொஞ்சம் நிதானமாகப் படிப்பாய்.

உன் அத்தா மௌத்தானது பனி கொட்டுகிற மாதம். கடை வாசலில் ஸ்வெட்டர்களை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார், எழவில்லை. நீ இரவோடு இரவாக மலையேறி வந்தாய், தோள் கொடுத்தாய், மண் போட்டாய், லீவு முடியும்வரை என் பக்கத்தை விட்டு நகரவில்லை. அதை நான் மறக்கவில்லை. நீ போன பிறகு நானும் உன் மாமியும் மட்டும் இருந்தோம். நாத்தனார் என்கிற முறைக்கு அவர் காரமடையிலிருந்து பெட்டியோடு வந்து எனக்குத் துணையிருந்தது பெரிய காரியம். இத்தா என்றால் நான்கு மாதமும் பத்து நாளும் படி தாண்டக் கூடாது, வெள்ளைச் சேலைதான், அத்தர் கூடாது, பூ கூடாது, அந்நிய ஆண்கள் முன்னால் வரக் கூடாது. உன் ஆபீஸில் யாரோ இதைக் கேட்டு "ஐயோ பாவம்" என்றார்களாம். அவர்களிடம் சொல், என்னை யாரும் பிடித்து அடைக்கவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவளை எதற்கும் கூப்பிடாமல், எதுவும் கேட்காமல், ஊரையே கொஞ்சம் தள்ளி நிறுத்துகிற ஏற்பாடு அது. முதல் மாதம் எனக்கு அது வேண்டியும் இருந்தது. அதற்குப் பிறகுதான் மூச்சு முட்டத் தொடங்கியது. ஹாலிலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து பெட்ரூம், மறுபடியும் ஹால். ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சரிவில் தேயிலை, அதற்கு மேல் ரோட்டில் போகிற பஸ். அந்த பஸ்ஸில் இருக்கிறவர்கள் எங்கே போகிறார்கள் என்று யோசித்து யோசித்து எனக்குத் தலைவலி வந்தது.

அந்தச் சமயத்தில்தான் உன் மனைவி பேரீச்சம்பழமும் சத்துமாவும் அனுப்பிய பெட்டிக்குள் விதைப் பொட்டலங்கள் இருந்தன. காஸ்மாஸ், ஜினியா, வாடாமல்லி, செண்டுமல்லி, பட்டு ரோஸ். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் பெரியதாக ஒரு சூரியன், சின்னதாக ஒரு சொட்டுத் தண்ணீர். வெயில் நிறைய வேண்டும், தண்ணீர் குறைவாகப் போதும் என்று அதற்கு அர்த்தமாம். எனக்குப் பொழுது போகட்டும் என்று சும்மா வைத்து அனுப்பினாளாம். எல்லாம் ஒரு பருவத்துச் செடிகள். விதையிலிருந்து எழுந்து, பூத்து, விதை விட்டு, காய்ந்து போகிற ஜாதி. என் இத்தாவுக்குள் ஒரு ஆயுளை முடித்துவிடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது.

குன்னூரில் வெயில்பூவுக்கு இடம் ஏது என்று கேட்பாய். வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் நின்ற அந்தப் பெரிய கற்பூர மரத்தைப் போன வருடம் காற்றுக்குப் பயந்து வெட்டினோமே, அது நின்றவரை அங்கே பாசியைத் தவிர ஒன்றும் கிடையாது. துணிகூடக் காயாது. மரம் போன பிறகு காலையிலிருந்து சாயந்திர அஸர் தொழுகை நேரம்வரை அங்கே வெயில் அடிக்கிறது. இத்தனை வருடம் இந்த வீட்டில் இருந்தும் எனக்கென்று ஒரு வெயில் இருந்தது இப்போதுதான். மண் சரளை, மரம் உறிஞ்சிப் போட்ட சக்கை. பொட்டலத்தில் போட்ட படத்துக்குப் பொருத்தமான இடம்தான்.

மாமி ஒத்துக்கொள்ளவில்லை. விதையைக் கையில் பார்த்ததுமே, "ஏ புள்ள, இத்தால இருக்கறவளுக்கு எதுக்குப் பூவு? ஊரு சிரிக்கோணுமா?" என்றார். "தலையில வெக்கறதுக்கு இல்லீங்க மதினி, மண்ணுல வெக்கறதுக்குத்தானுங்க" என்றேன். அவருக்கு அந்தப் பதில் போதவில்லை. ஊர்ப் பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, நான் ஏதோ சந்தைக்குப் போகக் கேட்டது போலப் புகார் செய்தார். ஹஜ்ரத் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்கீங்கம்மா போடறாங்க, ரோட்டோரத்துலயா?" என்றார். "பொடக்காளிலதானுங்க." "அவங்க ஊட்டு எல்லைக்குள்ளதானே? தாராளமாப் போடட்டும். சூடிக்கத்தான் கூடாது. வளந்தா குருவியாவது திங்கும், அதுவும் நன்மைதானுங்க." மாமி போனை டக்கென்று வைத்தார். பிறகு தன் பழைய சேலை ஒன்றை எடுத்துப் போய், மேல் ரோட்டிலிருந்து யாரும் என்னைப் பார்க்காதபடி வேலியில் கட்டிவிட்டு வந்தார். அவர் கோபமும் சம்மதமும் எப்போதும் ஒன்றாகத்தான் வரும், உனக்குத் தெரியாததா.

விதைப்பது பெரிய வேலை இல்லை, பொறுமைதான் வேலை. மண்ணைக் கிளறி, கல்லைப் பொறுக்கி, பொடியாக்கினேன். காஸ்மாஸ் விதை ஊசி மாதிரி இருக்கும், அதை விரல் நகம் மறையுமளவு பள்ளத்தில் போட்டு மூடினால் போதும். ஜினியாவுக்கும் அவ்வளவுதான். வாடாமல்லி விதைக்குப் பஞ்சுச் சட்டை உண்டு, ஒரு ராத்திரி ஊற வைத்தேன். பட்டு ரோஸ் விதை தூசி. அதை மூடவே கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்குமாம். மணலோடு கலந்து தூவலாம் என்று தட்டில் கொட்டிய நேரம் பார்த்து மாமி தும்மினார். பாதி விதை சுவரோரம் கிடக்கிற கல் குவியலுக்குப் பறந்துவிட்டது. "நல்லதுக்குத்தான்" என்றார் மாமி, கொஞ்சமும் வருத்தமில்லாமல். வேலை முடிந்ததும் பொட்டலங்களில் ஒட்டியிருந்த காஸ்மாஸ் சக்கையையும் அதே குவியலில் உதறிவிட்டு உள்ளே வந்தேன்.

தண்ணீருக்குத்தான் திண்டாட்டம். கோடைக்கு முன்பே குழாயில் தண்ணீர் வருவது வாரம் தாண்டிப் போய்விட்டது. அப்போது மாமிக்கு ஒரு யோசனை வந்தது. இரண்டு பொம்பளைகள், ஐந்து வேளைத் தொழுகை. ஒளு எடுக்கிற தண்ணீரைக் காலடியில் விடாமல் பேசினில் பிடித்தால் என்ன? அன்று முதல் கை கழுவி, முகம் கழுவி, கால் கழுவிய தண்ணீர் எல்லாம் வேளை தவறாமல் பாத்திக்குப் போனது. செடியே வேண்டாம் என்றவர் தன் பங்குத் தண்ணீரைத் தானே சுமந்துபோய் ஊற்றினார். போதாததற்குக் கீழ் வீட்டுச் செல்வி, எஸ்டேட்டில் இலை பறிக்கப் போகிறவள், ஃபேக்டரியிலிருந்து தேயிலைக் கழிவும் எங்கிருந்தோ ஆட்டுப் புழுக்கையும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவாள். அதையும் போட்டோம். ஜினியா மட்டும் ராத்திரிக் குளிருக்குப் பயந்து தயங்கித் தயங்கி வந்தது. மற்றதெல்லாம் குபுகுபுவென்று எழுந்தன. காஸ்மாஸ் என் இடுப்பைத் தொட்டது. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. போனில் உன் மகளுக்குக் காட்டினேனே, "காடு மாதிரி இருக்கு நன்னி" என்றாளே, அது அப்போதுதான்.

ஆனால் ஒரு மொட்டுக்கூட இல்லை. இலை மேல் இலை, தண்டு மேல் தண்டு. நிற்கக்கூடத் தெம்பில்லாமல் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. நானும் மாமியும் என்ன குறை என்று கூடிக் கூடிப் பேசினோம். தண்ணீர் போதவில்லை போல என்று முடிவு செய்து, பாத்திரம் அலசிய தண்ணீரையும் சேர்த்து ஊற்றினோம். அப்போது ஒருநாள் துணி உலர்த்தப் போன மாமி, "ஏ புள்ள, இங்க வா, இதப் பாரு" என்று கூப்பிட்டார். சுவரோரக் கல் குவியலில், அவர் தும்மிப் பறந்த பட்டு ரோஸ், சிவப்பும் மஞ்சளுமாகக் கண் விழித்துக் கிடந்தது. அதன் பக்கத்தில் ஒரு முழங்கூட இல்லாத காஸ்மாஸ், தலையில் நாலு பூ. அந்தக் கல்லுக்கு நாங்கள் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதில்லை. ஒரு பிடி எரு போட்டதில்லை. அங்கே அவை இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. நான் தாராபுரம் பக்கத்து வறண்ட பூமியில் பிறந்தவள். வெயில்செடியைத் தண்ணீரில் முக்கிக் கெடுத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன், அதுவும் ஒளுத் தண்ணீரில். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. மாமி பயந்துபோய், "தம்பி நெனப்பு வந்துருச்சா?" என்று என் முதுகைத் தடவினார். ஆமாம் என்று தலையாட்டினேன். அது முழு உண்மை இல்லை. நீ உடனே, செடியை வைத்து அம்மா எனக்குப் பாடம் நடத்தப் போகிறாள் என்று நினைக்காதே. செடி செடிதான். தண்ணீரைக் குறைத்தோம், சாய்ந்ததைக் கிள்ளி விட்டோம், எருவை நிறுத்தினோம், ஒளுத் தண்ணீர் புதினாவுக்கும் கொத்தமல்லிக்கும் போனது, கொஞ்ச நாளில் பாத்தியும் பூத்தது. செடிக் கதை அவ்வளவுதான். அழுத கதை வேறு.

உன் அத்தா என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன். கல்யாணமாகி இந்த மலைக்கு வந்தபோது இங்கே விடாத மழை. குடையும் ரெயின்கோட்டும் கம்பளியும் விற்கிறவர், மழையைப் பார்த்தால் வியாபாரத்துக்காகச் சந்தோஷப்படுவார், எனக்காகப் பயப்படுவார். படி வழுக்கும், பஜாரில் கூட்டம், உனக்குச் சளி பிடிக்கும், நீ எதற்கு வரவேண்டும், என்ன வேண்டும் சொல், கொண்டு வருகிறேன் என்பார். கொண்டும் வந்தார். ரவிக்கைத் துணி என்றால் கடைக்காரரிடம் சொல்லி ஒரு கட்டையே வீட்டுக்குக் கொண்டுவந்து என் முன்னால் விரிப்பார். செருப்பு வாங்க வேண்டும் என்றால் பேப்பரைத் தரையில் விரித்து, என் காலை அதன் மேல் வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றி வரைந்து எடுத்துப் போவார். குதிகால் பக்கம் பென்சில் வரும்போது கூசும், நான் சிரிப்பேன், அவரும் சிரிப்பார். இத்தனை வருடத்தில் ஒரு செருப்புக் கடைக்குள் நான் நுழைந்ததில்லை. உன் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் நீ பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கினாயே, அன்றும் மழை. அவர் மட்டும் போனார். திரும்பி வந்து, நீ எப்படி மேடையேறினாய், எங்கே மூச்சு வாங்கினாய், எங்கே கையை உயர்த்தினாய் என்று ஹால் நடுவில் நின்று உன்னைப் போலவே பேசிக் காட்டினார். நான் கை தட்டினேன். உன் பேச்சாக எனக்கு நினைவிருப்பது அவர் குரல்தான்.

இப்படி வைத்துக்கொண்ட மனிதரைப் பற்றி, நான் அடைபட்டுக் கிடந்தேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் வாயிலேயே போடுவார்கள். எனக்கே அது தெரியாமல்தான் இருந்தது. இத்தாவில் உட்கார்ந்து இரண்டாவது மாதம், மூச்சு முட்டுகிறதே, முன்னால் எப்படி இருந்தோம் என்று யோசித்துப் பார்த்தேன். முன்னாலும் இதே ஹால், இதே அடுப்படி, இதே ஜன்னல். வித்தியாசம் ஒன்றுதான். இத்தாவுக்கு ஒரு பெயர் இருக்கிறது, முடிகிற நாள் ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் இருந்ததற்கு இரண்டும் இல்லை. உன் அத்தாவை நான் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. அவரை நினைத்து இன்றைக்கும் விடிகாலை ஸுபுஹுத் தொழுகைக்குப் பிறகு அழுகிறேன். அவர் மேல் பிரியம் இருந்தது, மூச்சும் முட்டியது. இரண்டும் ஒரே வீட்டில்தான் இருந்தன. உனக்கும் ஒரு மகள் இருக்கிறாள் என்பதற்காக ஒன்று சொல்கிறேன். அவளுக்குச் செருப்பு வாங்கும்போது அவளைக் கடைக்கு அழைத்துப் போ. நாலு ஜோடியைப் போட்டுப் பார்த்து, கடிக்கிறதை வாங்கி, வீட்டுக்கு வந்து அழட்டும்.

அடுத்து உன் வீட்டைப் பற்றி. ஒன்பதாவது மாடி, நல்ல காற்று, பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி, எனக்கென்று ரூம், ரூமில் டிவி. போன வருடம் ஒரு மாதம் இருந்தேனே, ஒரு குறை சொல்ல முடியாது. காலையில் நீங்கள் மூவரும் கிளம்பிப் போனதும் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். "அம்மா, யார் பெல் அடிச்சாலும் தொறக்காதீங்க, கீழ இறங்காதீங்க, லிஃப்ட் உங்களுக்குப் பழக்கமில்லை" என்று உன் மனைவி தினமும் சொல்லிவிட்டுப் போவாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. நான் கதவிலிருக்கிற சின்ன ஓட்டை வழியாக எதிர் வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் அந்த வீட்டு அம்மாளும் என்னைப் போலவே உள்ளிருந்து பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று தோன்றியது. அதற்குப் பிறகு அந்த ஓட்டைப் பக்கம் போகவில்லை.

இனி, அந்தக் காட்டேஜ் பார்ட்டி வந்த நாள். நடந்ததைச் சின்னத்தா உன்னிடம் தன் பக்கமாகச் சொல்லியிருப்பார், என் பக்கத்தையும் கேள். காட்டேஜ்காரர்கள் இரண்டு பேரை அவர் அழைத்து வருவதாக மாமிக்கு மட்டும் போன் வந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆண் குரல் கேட்டதும் முறைப்படி பெட்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உள்ளே நின்றபடி என் வீடு அளக்கப்படுவதைக் கேட்டேன். ஹாலில் டேப் இழுக்கிற சத்தம். அடுப்படியில், "இத ஒடைச்சுட்டு ஓப்பனா வெச்சுரலாங்க." பிறகு என் கதவுக்கு வெளியே வந்து நின்றார்கள். "இந்த ரூமு பூட்டியிருக்கே?" என்றது ஒரு குரல். "அதுல எங்க அண்ணி இத்தால இருக்காங்க. முடிஞ்சதும் மெட்ராஸ் போயிருவாங்க" என்றார் சின்னத்தா. "அப்பச் சரி, இத ஃபேமிலி ரூமா ஆக்கிக்கலாம்." நான் கதவுக்கு இந்தப் பக்கம், கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். ஒரு முழம் தள்ளி நின்று என்னை எங்கே வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள், நான் வெளியே போய் இது என் ரூம் என்று சொல்ல முடியாது. அன்றைக்கு முட்டிய மூச்சு போல என்றைக்கும் முட்டியதில்லை.

பொடக்காளிக்குப் போனார்கள். என் ரூம் ஜன்னல் அந்தப் பக்கம்தான், திரை மறைவில் எல்லாம் கேட்டது. "இதச் சமன் பண்ணி கான்க்ரீட் போட்டா ரெண்டு கார் நிக்குமுங்க." "நிக்கும், தாராளமா நிக்கும்" என்றார் சின்னத்தா. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நீ சொன்னதைத்தான் அவர் செய்தார். டேப்பை இழுத்துக்கொண்டு ஒருவன் பாத்திக்குள் இறங்கியிருக்கிறான். செடி நெரிகிற சத்தம் கேட்டது. அதற்கு மேல் கேட்டது உன் மாமியின் குரல். "ஏனுங்க! கால எடுங்க மொதல்ல! பூத்து நிக்கற செடி கண்ணுக்குத் தெரியலீங்களா? பொழுதன்னிக்கும் தண்ணி சொமந்து வளத்துருக்கறோம், பூட்ஸு காலோட எறங்கறீங்க!" அவர் போட்ட போட்டில் டேப் சுருண்டு உள்ளே போய்விட்டது.

அந்தக் குரல் எனக்கு எங்கிருந்தோ தெம்பு கொடுத்தது. அவசியம் என்றால் இத்தாவில் இருப்பவள் திரைக்குப் பின்னாலிருந்து பேசலாம் என்று எனக்குத் தெரியும். இதைவிட அவசியம் என்ன வரப்போகிறது? ஜன்னலருகே போய், முகத்தைக் காட்டாமல், "தம்பி" என்று சின்னத்தாவைக் கூப்பிட்டேன். "வந்தவங்களுக்கு மதினி டீ வெச்சுக் குடுப்பாங்க, குடிக்கச் சொல்லுங்க. ஊடு குடுக்கறதா இல்லீங்க." அவ்வளவுதான் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. சின்னத்தா, "அண்ணி, உங்க பையன்கிட்டக் கேட்டுட்டுத்தானுங்க..." என்று இழுத்தார். அவர்கள் டீ குடிக்காமலே போய்விட்டார்கள். மாமி உள்ளே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "பேசிப்போட்டே" என்றார், சோற்றைப் போட்டு வைத்தார்.

சாயந்திரம் நீ போன் செய்தாய். "ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லீருக்கலாமில்லீங்க? சின்னத்தாவுக்கு எவ்வளவு அவமானம்?" என்றாய். என்னிடமும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று நான் சொல்லியிருக்கலாம். அதற்குள் நீ, "அத்தாவத் தனியா விட்டுட்டேன், உங்களையும் விட்டுட்டு நான் எப்படீங்கம்மா தூங்குவேன்?" என்றாய். உன் குரல் உடைந்துவிட்டது. நீ அழுதால் எனக்கு மூளை வேலை செய்யாது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். "சரி கண்ணு, நீ பாத்துச் செய்யி" என்று சொல்லிவிட்டேன். பகலில் பேசிய பேச்சை ராத்திரிக்குள் நானே விழுங்கினேன். மறுநாள் சின்னத்தா பார்ட்டிக்குப் போன் போட்டு, இத்தா முடியட்டும், பேசிக்கொள்ளலாம் என்றாராம். இத்தா முடிகிற நாள் நெருங்க நெருங்க எல்லாரும் எனக்கு விடுதலை வருகிறது என்கிறார்கள். எனக்கு, ஒரு கதவு திறந்து இன்னொரு கதவு சாத்தப்போகிறது என்றுதான் பட்டது.

ஆகவே போனில் சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன். நான் சென்னைக்கு வரவில்லை. வீட்டை யாருக்கும் கொடுக்கவில்லை. கடையைச் சின்னத்தா பார்த்துக்கொள்ளட்டும், அதில் எனக்கு ஒன்றுமில்லை. இந்த வீடு எனக்கு வேண்டும். இது உன் மேல் கோபத்தில் எழுதியது என்று நினைக்காதே. நீ நல்ல பிள்ளை. உன் அத்தாவைப் போலவே நல்லவன், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டது போல நீயும் என்னைப் பார்த்துக்கொள்ளப் போகிறாய். அதைத் தாங்குகிற வயது எனக்குப் போய்விட்டது.

தனியாக இருக்கப் பயமில்லையா என்றால், இருக்கிறது. மழைக்காலத்தில் நம் படி வழுக்கும் என்று உன் அத்தா சொன்னது பொய்யில்லை. போன வாரம்கூட மேல் ரோட்டில் காட்டெருமை நின்றது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சுற்றிப் போனார்கள். ராத்திரி நெஞ்சு வலித்தால் யாரைக் கூப்பிடுவது என்று நானும் யோசிக்காமல் இல்லை. செல்வி கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறாள், போன் இருக்கிறது, தினமும் நீ பேசு. அதற்கு மேல் என்ன நடந்தாலும் அது எழுதி வைத்தது. பயந்துகொண்டே இருந்து பார்க்கிறேன். முடியவில்லை என்றால் நானே சொல்கிறேன், நான் சொன்ன பிறகு வந்து அழைத்துப் போ. அதுவரை உன்னைக் குற்றம் சொல்கிறவர்கள் யாராவது இருந்தால், இந்தக் கடிதத்தைக் காட்டு. அம்மா பிடிவாதக்காரி என்று சொல்லிக்கொள். எனக்கு அந்தப் பெயர் ஒன்றும் கசக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்து மஃரிபோடு இத்தா முடிகிறது. மறுநாள் காலையே மாமி காரமடைக்குக் கிளம்புகிறார், பேரனுக்குப் பரீட்சையாம். செல்வி இந்தக் கடிதத்தை இன்று கூரியரில் போட்டுவிடுவாள். இதைப் படித்துவிட்டு வராமல் இருந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா, உன் மனைவியையும் பிள்ளையையும் அழைத்து வா, இரண்டு நாள் இருந்துவிட்டுப் போங்கள். ஆனால் நீங்கள் வந்து சேரும் நேரம் வீடு பூட்டியிருக்கும். பதறிப்போய்ச் சின்னத்தாவுக்குப் போன் போடாதே, செல்வியைத் தேடாதே. நான் வெளியே போயிருப்பேன். எங்கே என்று கேட்காதே, எனக்கே இன்னும் தெரியவில்லை. சாவி என் கையில்தான் இருக்கும். நான் திரும்பி வரும்வரை வாசலில் உட்கார்ந்திரு, கண்ணு.